இருநூற்றுப் பத்து வோல்ட்

என் பிரியமுள்ள மச்சான் ஏழுமலைக்கு,

முடியாது. சுவிட்சை வாசலோரம் வைக்க முடியாது. ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவன் நான். கரன்ட்டை நிறுத்தணும் என்றால் சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கணுமா, ஆறடி தள்ளி வாசற்படிக்குப் பக்கத்தில் இருக்கணுமா? நீயே நியாயம் சொல்லு.

நீ என்ன சொல்லுவாய் என்று தெரியும். வேங்கிக்காலில் உன் வீட்டில் மேசை போட்ட அன்றைக்கே சொன்னாய். "மேசையில குந்தறவனுக்கு இன்னாத்துக்கு மாப்ள சுவிட்ச்? அவன் ஷாக் அடிச்சி ஒட்டிக்கினு கெடப்பான். காப்பாத்த ஓடி வர்றா பாரு வூட்டுக்காரி, அவளுக்குத்தான் சுவிட்ச் வேணும்." அன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் வீட்டுக்குள் வந்து எங்கே ஆணி அடிக்கணும் என்று இன்னும் நீதான் சொல்கிறாய்.

சரி, முதலில் சேதி சொல்கிறேன். உன் ரிப்பேர் சாமான்கள் எல்லாம் இப்போது அடி அண்ணாமலையில் என் வீட்டில்தான் இருக்கின்றன. நீ போன பிறகு உன் சம்சாரம், தங்கச்சி வசந்தா, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். போகிறதுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இத வேற யாருக்கு நான் குடுத்தாலும் அவரு கனவுல வந்து கேப்பாரு. நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க" என்றாள். நான் ஒரு சின்ன வேன் பிடித்து, மூன்று சாக்கிலும் ஒரு அட்டைப் பெட்டியிலும் உன்னைக் கட்டி எடுத்து வந்தேன்.

வந்தது வந்தபடியே மூலையில் கிடந்தது. நான் தொடவில்லை. உன் தங்கச்சி கஸ்தூரி நாலு தடவை கேட்டாள், எலி கடித்துவிடும், பிரித்து வையுங்கள் என்று. இடுப்பு வலி என்றேன், வெயில் என்றேன், பௌர்ணமிக் கூட்டம் போகட்டும் என்றேன். எத்தனை பௌர்ணமி போச்சு. அவளுக்குத் தெரியாதா, பொய் சொல்லும்போது எனக்கு மூக்கு அரிக்கும் என்று.

போன மாசம் உன் மகன் செந்தில் போன் பண்ணினான். "மாமா, அப்பாவோட வருஷ தெவசத்துக்கு வர்றேன். மத்ததெல்லாம் உங்க கிட்டவே இருக்கட்டும். அந்த லெதர் பை போட்ட மீட்டர மட்டும் நான் எடுத்துக்கறேன். அப்பா ஞாபகமா வெச்சிக்கணும்" என்றான். நல்லது கண்ணு, எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவன் எஞ்சினியர். ஆசையாய் அந்த மீட்டரைக் கொண்டுபோய் வீட்டு பிளக்கில் வைத்துப் பார்ப்பான். அது தப்பாய்க் காட்டும். அப்பா ஆயுசு முழுக்க ஒரு கோளாறான மீட்டரை வைத்துக்கொண்டு ஊரை அதட்டியிருக்கிறாரே என்று நினைப்பான்.

அந்தக் கோளாறு நான் வைத்தது, மச்சான். அதைத்தான் இருபத்திரண்டு வருஷமாய் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

பொறு. அடிக்க வராதே. வரிசையாய்ச் சொல்கிறேன்.

நம்ம இரண்டு பேருக்கும் கல்யாண உறவு வருவதற்கு முன்னாலிருந்தே ஒரே சண்டைதான். நீ ஐ.டி.ஐ. படித்தவன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் கரன்ட் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்ப்பாய். நான் ஆறாங்கிளாஸோடு நின்று மைக் செட் கட்டப் போனவன். பேட்டரியில் தெம்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஆம்ப்ளிஃபயர் ஓடவில்லை என்றால் உள்ளே ஒவ்வொரு இடமாய் விரலால் தொடுவேன். எந்த இடத்தில் ஸ்பீக்கர் 'ஊம்' என்று உறுமுகிறதோ, அதுவரைக்கும் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நீ வைத்த பெயர் விரல் வைத்தியன். எவ்வளவு நேரம் பேசினாலும் கடைசியில் நீ சொல்வது ஒரே வார்த்தை. "நீயும் பேசாத, நானும் பேசல. மீட்டர் சொல்லட்டும்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

ஒரு கார்த்திகை தீபத்துக்கு கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தலுக்கு நான் செட் கட்டியிருந்தேன். ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். நான் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு விரலை வைத்துக்கொண்டு வியர்த்து நிற்கிறேன். நீ அந்தப் பக்கமாய்ச் சுற்றி வந்தாய். சோறு வாங்க நின்ற ஜனங்களுக்கு முன்னால் மீட்டரை எடுத்து இரண்டு இடத்தில் வைத்தாய். "எர்த் கம்பியே குடுக்கல. இதான் விரல் வைத்தியம் பாக்கற லட்சணம்" என்றாய். கம்பியைக் கொடுத்தாய், இரைச்சல் நின்றது. வரிசையில் நின்ற ஒருத்தர் கை தட்டினார். நீ தப்பாய்ச் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது மச்சான். சரியாய்ச் சொன்னாய். அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். மீட்டரைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தொட்டியண்டை குளிக்கப் போனாய். நீ குளித்தால் அரை மணி நேரம் என்பது ஊருக்கே தெரியும். நான் மீட்டரின் முதுகைத் திறந்தேன். வீட்டுக் கரன்ட்டை அளக்கிற வழியில் இருக்கும், கரன்ட்டை மட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டரின் காலை வெட்டி, நடுவில் என்னிடம் இருந்த இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்து, ஈயம் உருக்கி சால்டர் வைத்து மூடினேன். நெல்லு மணி அளவுக்கு ஒரு சாமான், அதன்மேல் காப்பிக் கலர், கறுப்பு, மஞ்சள் என்று கோடு. அவ்வளவுதான். இனிமேல் பேட்டரியை அளந்தால் சரியாய்க் காட்டும். வீட்டுக் கரன்ட்டை அளந்தால் மட்டும் இருபது வோல்ட் கம்மியாய்க் காட்டும்.

ஒரே ஒரு நாள் நீ முழிக்கணும். மறுநாள் வந்து, மீட்டர் சொல்லிச்சா என்று கேட்டுச் சிரிக்கணும். அவ்வளவுதான் என் திட்டம்.

நீ சும்மா முழிக்கிற ஆளா? அன்றைக்கே உன் வீட்டு பிளக்கில் வைத்தாய், இருநூற்றுப் பத்து. பக்கத்து வீட்டில் வைத்தாய், இருநூற்றுப் பத்து. நான் சிரிப்போடு மறுநாள் வந்தபோது, தெரு முழுக்க வோல்டேஜ் கம்மி என்று மனு எழுதி, பதினாலு வீட்டில் கையெழுத்து வாங்கி, கரன்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வசந்தாவிடம் காப்பி கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்குமேல் நான் எப்படி மச்சான் சொல்லுவேன்?

மார்கழி பிறந்ததும் லைன்மேன் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் வந்திருந்தேன். அவர் மீட்டர் இருநூற்று முப்பது காட்டியது. உன் மீட்டர் இருநூற்றுப் பத்து காட்டியது. அவர் பொறுமையாய்த்தான், "உங்க மீட்டர ஒரு தடவ செக் பண்ணிக்கங்க சார்" என்றார். நீ, "என் மீட்டர் பொய் சொல்லாது" என்றாய். கையெழுத்துப் போட்ட பதினாலு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருத்தராய் உள்ளே போனார்கள். நீ கம்பியைச் சுற்றி பைக்குள் வைத்தாய். தலையை நிமிர்த்தவே இல்லை. அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. மறுநாள் செந்திலுக்குப் பிறந்தநாள் என்று வசந்தா ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை இன்னும் எனக்கு ஆகாது. கேசரி வைத்தால் எழுந்து போய்விடுவேன். ஏன் என்று கஸ்தூரி கேட்டதில்லை.

அதற்குப் பிறகு தெருவில் உனக்கு இருநூத்திப்பத்து என்று பெயர். டீக்கடையில் கூப்பிட்டார்கள், ரேஷன் கடையில் கூப்பிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே போனாய். ஆனால் என்னிடம் மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளை நிறுத்துவேன், நீ மீட்டரை பிளக்கில் வைப்பாய். "பாரு மாப்ள, இன்னிக்கும் இருநூத்திப்பத்து. வோல்டேஜ் கம்மி. மோட்டார் போட்டா காயில் எரிஞ்சிடும். கொஞ்சம் தண்ணி எறைச்சிக் குடுத்துட்டுப் போ" என்பாய்.

நான் இறைத்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்தாய் இல்லையா? கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போச்சு. தொட்டியை நிரப்பினேன், வசந்தாவின் முருங்கைக்கு ஊற்றினேன், உன் டி.வி. ஆன்டெனாவைத் திருப்ப மாடிச் சுவர் ஏறினேன். செய்த பாவத்துக்கு இதாவது செய்வோம் என்று செய்தேன். வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல் கட்டுக்குள் போவாள். அண்ணன் கஷ்டப்படுகிறாரே என்று அழுகிறாள் என்று நினைத்தேன்.

சொல்லணும் என்று இரண்டு தடவை வாய்வரைக்கும் வந்தது. ஒரு தடவை வேலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது. அப்போது நீ தூங்கிவிட்டாய். இன்னொரு தடவை ஆஸ்பத்திரியில்.

அது உனக்கு ஞாபகம் இருக்கும். மூக்கில் குழாய். நீயாகத்தான் கேட்டாய், மெதுவாய். "ஏன் மாப்ள, இந்த ரூம்ல வோல்டேஜ் எவ்ளோ இருக்கும்?"

"இருநூத்தி முப்பது இருக்கும்" என்றேன்.

நீ என் முகத்தையே பார்த்தாய். நான் சொல்லியிருக்கணும். அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் என்ன செய்தேன்? காப்பி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். உனக்குக் காப்பி கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் சாக்கைப் பிரிக்கவில்லை என்று? செந்தில் வருவதற்கு முன்னால் அந்த ரெசிஸ்டரைக் கழட்டி, மீட்டரைச் சரியாக்கி அவன் கையில் கொடுக்கணும். அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் செய்ய முடியாது. நல்ல வெளிச்சம் வேணும், நல்ல மேசை வேணும், ஒத்துப் பார்க்க இன்னொரு மீட்டர் வேணும். அதனால்தான் எழுபத்தி நாலு வயசில், கஸ்தூரி வெங்காயம் கொட்டி வைக்கும் உள்ளறையில் மேசை போட ஆரம்பித்தேன்.

நம்ப மாட்டாய், நீ சொன்ன மாதிரியேதான் போட்டேன். சுவிட்ச் ஒன்றைத் தவிர. பழைய கதவுப் பலகையை இரண்டு இரும்பு ஸ்டாண்ட்மேல் வைத்தேன். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிறது. காலுக்குக் கீழே ரப்பர் பாய். பலகைமேல் உன் பழைய சீரிஸ் போர்டைத் திருகினேன், அந்த நூறு வாட் பல்போடு. ரிப்பேர் சாமானை நேராய் பிளக்கில் சொருகாதே, பல்பு வழியாய்க் கரன்ட் கொடு. உள்ளே ஷார்ட் இருந்தால் சாமான் புகையாது, பல்பு எரிந்து காட்டிக் கொடுக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். எங்கள் பழைய மிக்ஸியை அதில் சொருகினேன். மிக்ஸி சுவிட்சைத் தொடாமலே பல்பு மங்கலாய் எரிந்தது. நாலு மாசமாய் ஓடுகிற மாதிரி ஓடி, நடுநடுவே கஸ்தூரிக்குச் சுருக்கென்று ஷாக் கொடுத்துக்கொண்டிருந்த மிக்ஸி அது. நான் விரலை வைத்துப் பார்த்து, ஒண்ணும் இல்லை, உன் மனப்பிராந்தி என்று சொல்லியிருந்தேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லாதே.

தேரடி வீதியில் போய் ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி வந்தேன். முள் கிடையாது, நம்பர் வரும். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து, யாருக்குத் தாத்தா, பேரனுக்கா என்றான். இல்லை தம்பி, மச்சானுக்கு என்றேன்.

அப்புறம் உன் ஸ்கோப். டி.வி. மாதிரி சின்னத் திரையில் கரன்ட்டின் ஆட்டத்தைப் பச்சைக் கோடாய் வரைந்து காட்டும் அந்தப் பெட்டி. நீ உயிரோடு இருந்தவரைக்கும் அதில் என் கை படக்கூடாது. சுவிட்சைப் போட்டேன். சூடாகி, கொஞ்ச நேரத்தில் கோடு வந்தது. அதை ஆட்டி வைக்க எந்த பட்டனைத் திருப்பணும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி காப்பியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். திரையில் நேராய் ஓடுகிற பச்சைக் கோட்டையே பார்த்தாள்.

"அத அணைச்சிடுங்க" என்றாள்.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. உன் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த மெஷினில் அவள் கடைசியாய்ப் பார்த்தது அதைத்தானே. நான் அவசரமாய் சுவிட்சுக்குக் கை நீட்டும்போது விரல் ஸ்கோப்பின் கம்பி முனையில் பட்டது. கோடு குதித்து எழுந்து, மேலும் கீழும் அலை அலையாய் ஓடியது. வீட்டுக் கரன்ட் காற்றில் பரவி உடம்பு வழியாய் வருகிறது, வேறொன்றும் இல்லை. விரல் வைத்தால் ஸ்பீக்கர் 'ஊம்' என்று உறுமுமே, அதே சத்தம்தான், இது படமாய்க் காட்டுகிறது. கஸ்தூரிக்கு அதெல்லாம் தெரியாது. வெங்காயக் கூடையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"கைய எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

காப்பி ஆறிப்போகும்வரைக்கும் நான் விரலை எடுக்கவில்லை மச்சான். விரல் வைத்தியன் என்று இனிமேல் கேலி பண்ணுவாயா?

நேற்றுக் காலையில்தான் தைரியம் வந்தது. கஸ்தூரி கோயிலுக்குப் போயிருந்தாள். லெதர் பையிலிருந்து உன் மீட்டரை எடுத்து வைத்தேன். பக்கத்தில் புது மீட்டரை வைத்தேன். முதலில் எவ்வளவு தப்பு என்று பார்ப்போம், அப்புறம் திறப்போம் என்று இரண்டையும் ஒரே பிளக்கில் வைத்தேன்.

புதுசு இருநூற்று முப்பத்திரண்டு காட்டியது. உன் முள் மெதுவாய் எழுந்து, இருநூற்றுப் பத்தைத் தாண்டி, இருநூற்று முப்பதுக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போய் நின்றது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரி முள்ளுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பட்டையில் முள்ளும் நிழலும் ஒன்றாய்த் தெரிகிற மாதிரி நேராய் நின்று பார்த்தேன். இருநூற்று முப்பத்திரண்டுதான். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த லைன்மேன் வந்த நாளுக்குப் பிறகு, அந்த முள்ளை நான் நேராய்ப் பார்த்ததே இல்லை. நீ மீட்டரை உன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்லுவாய். நான் எட்டிப் பார்க்க மாட்டேன். நான் வைத்த கோளாறு என்ன காட்டும் என்று எனக்குத் தெரியுமே, எதற்குப் பார்க்கணும்?

முதுகைத் திறந்தேன். என் ரெசிஸ்டர் இல்லை. நான் வெட்டின கால் ஒட்டப்பட்டு, அதன்மேல் கடுகு அளவுக்கு ஒரே துளி ஈயம், வழவழவென்று. நான் வைத்திருந்தால் காக்காய் எச்சம் மாதிரி இருந்திருக்கும். அந்தத் துளி மங்கி, தூசி பிடித்துப் பழசாய் இருந்தது. நேற்று முந்தாநாள் வைத்தது இல்லை.

லெதர் பையில் கம்பி வைக்கும் சின்ன அறை இருக்கிறதே, அதற்குள் விரலை விட்டேன். மடித்த காகிதம் ஒன்று. தேதி கிழிக்கும் காலண்டரின் தாள். மார்கழி மாசம், செவ்வாய்க்கிழமை. மடிப்புக்குள்ளே நெல்லு மணி அளவுக்கு ஒரு சாமான். காப்பிக் கலர், கறுப்பு, மஞ்சள்.

தாளில் நீ ஒரு எழுத்துகூட எழுதவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

முதலில் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வேலி ஓரம் வந்து, இன்னா தாத்தா, நல்லாத்தானே இருக்கீங்க என்று கேட்டாள். லைன்மேன் போன அன்றைக்கே நீ திறந்து பார்த்திருக்கிறாய். காக்காய் எச்சத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்திருக்கும். கழட்டி, சரிசெய்து, அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் வாய்க்கு வந்தபடி இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து என்று சொல்லி என்னிடம் தண்ணீர் இறைக்க வைத்தாயா? உன் மோட்டார் நல்லாத்தான் இருந்ததா? வசந்தா வாயைப் பொத்தினது அழுகை இல்லையா?

அப்புறம் சிரிப்பு நின்றுபோச்சு.

நீ கோபத்தில் வைத்திருந்தாயா மச்சான்? ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இவன் வந்து சொல்லுவான், சொன்னதும் பையிலிருந்து எடுத்து என் முகத்துக்கு நேராய் நீட்டலாம் என்று காத்திருந்தாயா? தெருவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதற்கு என்னை மன்னித்தாயா, இல்லை மன்னிக்காமலேயே போனாயா? ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியை நீ விளையாட்டுக்குக் கேட்டாயா? நான் காப்பி என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாயே, அது தூக்கமா?

இதையெல்லாம் இப்போது யாரிடம் கேட்கிறது? நீ இருந்தால் ஒரே அடியில் முடிந்திருக்கும். முதுகில் ஒன்று வைப்பாய், நானும் ஒன்று வைப்பேன், இரண்டு பேரும் டீக்கடைக்குப் போயிருப்போம். நீ இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. போன வாரம்கூட வேங்கிக்கால்வரை போய்விட்டேன். உன் வீட்டில் குடியிருக்கிறவர்கள் மோட்டார் போட்டிருந்தார்கள். என்னமாய் ஓடுகிறது. தெருவில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இதுவரைக்கும் எழுதினதை இன்றைக்குச் சாயந்திரம் கஸ்தூரிக்குப் படித்துக் காட்டினேன். ஐம்பது வருஷமாய்க் கூட இருக்கிறவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன், அவள் அண்ணன் விஷயம், அவளுக்கு முதலில் தெரியணும் இல்லையா? மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ரெசிஸ்டர் வைத்த இடத்தை ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே படித்தேன். அவள் நிமிரவே இல்லை, கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். கோபமா என்று கேட்ட இடத்துக்கு வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோவமா? லைன்மேன் வந்த மறுநாள் கொழந்த பொறந்தநாளுக்குப் போனேன் இல்ல, அன்னிக்கே எங்கிட்ட காட்னாரு. 'உன் வூட்டுக்காரன் கைவேலையப் பாரும்மா'ன்னு. விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் வந்து உங்கள ரெண்டுல ஒண்ணு கேக்கறேன்னுதான் கெளம்பினேன். என் தலமேல கைய வெச்சி சத்தியம் வாங்கிட்டாரு."

"இன்னான்னு?"

"'நீ கேட்டுட்டா அவன் ஒத்துக்குவான். ஒத்துக்கினா மனசு லேசாயிடும். அப்புறம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரமாட்டாம்மா'ன்னாரு."

நான் வராமல் இருந்திருப்பேனா? இந்த ஒரு கேள்விக்காவது நீ பதில் சொல்லாமல் போனது உன் தப்புதான்.

"இன்னும் நாலு வரி இருக்கு, கேட்டுட்டுப் போ" என்றேன். அவள் முறத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தை என் பக்கம் காட்டவில்லை. "அவருக்குத்தான எழுதினீங்க, அவருக்கே படிச்சிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். போகிற வழியில் மேசை லைட்டை அணைக்கச் சுவிட்ச் பக்கம் திரும்பினாள். எப்போதும் அப்படித்தான், நான் உள்ளே இருந்தாலும் ரூம் லைட்டை அணைத்துவிட்டுத்தான் போவாள். சுவிட்ச் என் முழங்கைக்குப் பின்னால், ஸ்கோப்புக்கு அந்தப் பக்கம். கையை நீட்டினாள், எட்டவில்லை. முறத்தோடு எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கு எட்டவில்லை, மச்சான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, நீ ஜெயித்தாய். நாளைக்குக் காலையில் முதல் வேலையாய் அந்தச் சுவிட்சைக் கழட்டி வாசலோரம் மாற்றுகிறேன், கஸ்தூரியின் தோள் உயரத்துக்கு. செந்தில் வந்ததும் மீட்டரை அவன் கையில் கொடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் நானே சொல்கிறேன். காலண்டர் தாளும் அவனுக்குத்தான். அந்தக் காப்பி கறுப்பு மஞ்சள் மட்டும் என் சட்டைப் பையில் இருக்கும், கேட்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மேசையில் உட்கார்ந்து புது மீட்டரை பிளக்கில் வைப்பேன். அது எந்த நம்பரைக் காட்டினாலும் உனக்குக் கேட்கிற மாதிரி இருநூத்திப்பத்து என்றுதான் சொல்லுவேன். சொல்லிவிட்டுப் போய் கஸ்தூரிக்கு இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைப்பேன்.

இப்படிக்கு,
உனக்குத் தண்ணீர் இறைத்தே கிழவனான,
உன் தங்கச்சி புருஷன்
முனிரத்தினம்